இணையத்தளம் எதற்கு, எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வர்த்தகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கடை, விடுதி, நெசவுசாலை, பண்ணை, தனியார் வகுப்பு என ஏதாவதொரு தொழில் நடத்துவோர் இணையத்தளம் ஒன்றைத் தொடங்க நினைக்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இணையத்தள வடிவமைப்பே என் தொழில் என்பதால், ஆளுக்கொரு தளம் வேண்டும் என்று சொன்னால் எனக்குத்தான் ஆதாயம். ஆனால் பயன்படாத தளத்துக்குப் பணம் கொடுத்தவர் அடுத்த முறை எவரையும் நம்பமாட்டார். ஆகவே யாருக்குத் தேவையில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் இருக்கின்றனவே, இணையத்தளம் எதற்கு?

இரண்டையும் விட்டுவிட வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் புதுச் சரக்கு வந்த செய்தி பேஸ்புக்கில் பரவுகிறது, பேரம் வட்ஸ்அப்பில் முடிகிறது. ஆனால் பேஸ்புக்கில் இடும் பதிவு ஓரிரு நாளில் கீழே போய்விடும். மூன்று மாதங்களுக்கு முன்னர் போட்ட விலைப்பட்டியலைத் தேடி எடுக்க உங்களுக்கே நேரம் எடுக்கும் என்றால், வாடிக்கையாளர் அதைத் தேடப்போவதில்லை. அவர் "விலை என்ன?" என்று கேட்டு எழுதுவார், நீங்கள் தனிச் செய்தியில் பதில் அனுப்புவீர்கள், அரை மணி நேரத்தில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார். கடையில் வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டிய கைகள் நாள் முழுவதும் போனில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும். கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில்களுடன் ஒரு தளம் இருந்தால், அந்த இணைப்பை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம், அந்தப் பக்கங்கள் உங்கள் கையில் இல்லை என்பது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் செயலிழந்தன. இலங்கையில் அப்போது இரவு 9 மணி கடந்திருந்ததால் பலருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் நாட்டில் அதைவிட நீண்ட தடைகளும் இருந்திருக்கின்றன. 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் சுமார் ஒரு வாரம் முடக்கப்பட்டன; 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் மாத இறுதிவரை தடை நீடித்தது; 2022 ஏப்ரல் 3 அன்று அரை நாளுக்கும் மேலாக மறுபடியும் தடைபட்டன. அந்த நாட்களிலும் சாதாரண இணையத்தளங்கள் திறந்தன. வட்ஸ்அப் இலக்கத்தை மட்டுமே கொடுத்து வைத்திருந்தவரோடு வாடிக்கையாளர் பேச வழியில்லாமல் போனபோது, தளத்தில் நிலையான தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் முகவரியும் கொடுத்திருந்தவரை அணுக முடிந்தது. கணக்கு களவு போவதும், முறைப்பாடு ஒன்றினால் பக்கம் முடக்கப்படுவதும் இதைவிட அடிக்கடி நடக்கின்றன. அப்படி நடந்தால் பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் பாராட்டுகளும் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும்.

எங்களிடம் வருபவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியுமே?

தெரியும். அவர்களுக்காக இணையத்தளம் தேவையில்லை. மட்டக்களப்பு நகரில் இரண்டு தலைமுறையாகக் கடை வைத்திருப்பவரின் நேர்மைக்கு ஊரே சாட்சி. ஆனால் அந்தச் சாட்சி கல்லடிப் பாலத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கேள்வி. கொழும்பில் வேலை செய்பவர், கட்டாரில் இருந்துகொண்டு தாயின் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்க நினைக்கும் மகன், சுவிற்சர்லாந்தில் பிறந்து ஊரில் கலியாணம் வைக்கும் மகள், பாசிக்குடாவுக்கு வரத் திட்டமிடும் குடும்பம் ஆகிய எவருக்கும் உங்கள் கடையின் வாசலில் நின்று பார்த்து முடிவெடுக்க வழியில்லை. அவர்கள் கையில் ஒரு திரை மட்டுமே இருக்கிறது. நேரில் பழகியதால் ஊருக்குள் கிடைக்கும் நம்பிக்கையை, பழக்கமே இல்லாத ஒருவரிடம் பெறவேண்டிய இடம் அதுதான். கிழக்கு மாகாணத் தொழில்களுக்கு இணையத்தளம் தரும் பயன்களில் முதன்மையானது இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தளத்தின் தோற்றத்தைப் பார்த்தா ஒருவர் பணம் அனுப்ப முடிவெடுப்பார் என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், 2,600 இற்கும் அதிகமானோரிடம் இணையத்தளங்களைக் காட்டி, எதை நம்புவீர்கள், ஏன் நம்புவீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் எழுதிய கருத்துகளில் ஏறத்தாழ 46 வீதமானவை தளத்தின் தோற்றத்தையும் ஒழுங்கையும் பற்றியவையாக இருந்தன. வேறெந்தக் காரணமும் அவ்வளவு முறை சொல்லப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டாலும், முகம் தெரியாத வியாபாரியை மதிப்பிட வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் முதல் அடையாளம் இன்றும் அதுவேதான்.

எந்தத் தொழிலுக்கு அதிக பயன்? யாருக்குத் தேவையில்லை?

வாடிக்கையாளர் தூரத்தில் இருக்கும் தொழில், முன்பதிவு வேண்டிய தொழில், விலை கூடிய ஒரு பொருளை வாங்குமுன் ஒருவர் பலமுறை யோசிக்கும் தொழில் ஆகிய மூன்றுக்கும் பயன் மிக அதிகம். அறுகம்பை, பாசிக்குடா விடுதிகள், மருதமுனை, காத்தான்குடி கைத்தறி நெசவாளர்கள், கலியாண மண்டபங்கள், நகை, தளபாடக் கடைகள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், தனியார் வைத்திய நிலையங்கள், கல்வி நிலையங்கள் எல்லாம் இந்த வகைக்குள் வரும். வாவியில் பிடித்த மீனை அன்றைக்கே சந்தையில் விற்பவருக்கும், தெருமுனைப் பலசரக்குக் கடைக்கும் தனித் தளம் அவசியமில்லை. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் திறக்கும் நேரத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சரியாகப் பதிந்து வைத்தாலே அவர்களுக்குப் போதும். அது இலவசம்.

நல்ல வடிவமைப்பு என்றால் அழகாக இருப்பதா?

அழகு வேண்டும்தான், ஆனால் அது கடைசியில் வருவது. வருகிறவர் தேடி வந்ததைச் சில வினாடிகளில் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதே முதல் சோதனை. கடை எங்கே இருக்கிறது, என்ன கிடைக்கும், என்ன விலை, எப்போது திறந்திருக்கும், எப்படித் தொடர்புகொள்வது ஆகிய ஐந்துக்கும் முதற் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும், அல்லது பதிலுக்குப் போகும் வழி தெளிவாகத் தெரிய வேண்டும். தொலைபேசி இலக்கத்தைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். முகவரியைத் தொட்டால் வரைபடம் திறக்க வேண்டும். நிறுவனர் வரலாற்றையும் கொள்கை வாசகங்களையும் மேலே போட்டு, இலக்கத்தை எங்கேயோ அடியில் சிறிய எழுத்தில் வைத்திருக்கும் தளங்களை எங்கள் பகுதியில் நிறையப் பார்க்கிறேன்.

நிறத் தெரிவில் ஓர் அளவுகோல் உண்டு. இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தக்கூடியவாறு அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டல், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 இற்கு 1 ஆக இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையின் மேல் இளஞ்சாம்பல் எழுத்து கணினித் திரையில் நாகரிகமாகத் தெரியலாம். நண்பகல் வெயிலில் பஸ் தரிப்பிடத்தில் நின்று போனைப் பார்க்கும் அறுபது வயதுக்காரரால் அதை வாசிக்க முடியாது.

தமிழில் தளம் அமைக்கும்போது இன்னும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். இங்கு பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் ஆயத்த வார்ப்புருக்கள், அதாவது முன்கூட்டியே செய்துவைத்த தள மாதிரிகள், ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆங்கிலத்தில் ஆறேழு எழுத்துள்ள ஒரு சொல்லுக்காக அளந்த பொத்தானில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று போட்டால், சொல் இரண்டாக உடைந்து "கொள்ளுங்கள்" மட்டும் கீழ் வரியில் தொங்கும், அல்லது பொத்தானுக்கு வெளியே வழியும். இகர ஈகார விசிறிகள் மேலேயும் உகர ஊகாரக் குறிகள் கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியில் தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று உரசும். இரு பக்க ஓரங்களையும் நேராக்கினால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய வெற்றிடங்கள் தோன்றும். உங்கள் தளத்தைச் செய்பவர் தமிழை வாசிக்கத் தெரிந்தவராகவும், அதை ஒரு சாதாரணக் கைபேசியில் போட்டுப் பார்ப்பவராகவும் இருப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

தளம் மெதுவாகத் திறந்தால் அவ்வளவு பெரிய குற்றமா?

வியாபாரத்தைப் பொறுத்தவரை பெரிய குற்றம்தான். கூகுள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கைபேசியில் ஒரு பக்கம் திறக்க மூன்று வினாடிக்கு மேல் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்ட வருகைகள் அந்த இடத்திலேயே கைவிடப்படுகின்றன என்று கண்டது. இங்கே வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் கைபேசியில், டேட்டா வாங்கித்தான் பார்க்கிறார்கள். வாகரைப் பக்கமோ பாணமைப் பக்கமோ சிக்னல் நகரத்தில் இருப்பதுபோல் இருக்காது.

மெதுவாவதற்கு முதற் காரணம் பெரும்பாலும் படங்கள்தான். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு படம் 3 முதல் 5 மெகாபைட் வரை இருக்கும். அதை அப்படியே ஏற்றினால், பத்துப் படமுள்ள பக்கம் ஒன்றைத் திறக்க வாடிக்கையாளரின் டேட்டாவில் 40 மெகாபைட் அளவு போய்விடும். அதே படத்தைத் திரைக்குத் தேவையான அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) போன்ற, அளவைக் குறைக்கும் படக் கோப்பு வடிவத்தில் சேமித்தால் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும். கைபேசித் திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் பிரதான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்து நீங்களே அதைச் சோதிக்கலாம். தளத்தைச் செய்தவருக்குக் கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்கும் முன்னர் இந்தச் சோதனையைச் செய்யும்படி எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

பொருள் விற்கும் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேஸ்புக்கில் வழக்கமாக ஒரு படமும் "அழகிய கைத்தறிச் சேலைகள், தொடர்புகளுக்கு" என்ற ஒரு வரியும்தான் இருக்கும். தூரத்தில் இருந்து வாங்குபவருக்கு அது போதாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த முழுப் படம், கரையை நெருங்கி எடுத்த படம், தலைப்பை விரித்து எடுத்த படம், ஒருவர் உடுத்து நிற்கும் படம் எனக் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும். தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு இழை தெரியும்படி எடுத்த நெருக்கப் படம்தான் கை. அதன் கீழே, முழுவதும் பருத்தியா கலப்பு நூலா, நீளம் எத்தனை மீற்றர், சட்டைத்துணி சேர்ந்ததா, முதல் கழுவலில் சாயம் போகுமா, எப்படிக் கழுவ வேண்டும், ஒரே நிறத்தில் எத்தனை கிடைக்கும், இல்லாவிட்டால் நெய்து கொடுக்க எத்தனை நாள், விலை எவ்வளவு, கூரியர் செலவு யாருடையது, பிடிக்காவிட்டால் மாற்றலாமா ஆகிய எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று பலர் தயங்குகிறார்கள். பார்க்க நினைத்தவர் ஏற்கெனவே ஆள் அனுப்பிப் பார்த்திருப்பார். விலை போடாததால் அவரைத் தடுக்க முடியாது. கேட்கக் கூச்சப்பட்டு விலகிப்போகும் வாடிக்கையாளரைத்தான் இழக்கிறோம். இறுதி விலை சொல்ல முடியாத தளபாடம், கட்டட வேலை போன்றவற்றுக்கு "இத்தனை ரூபாவிலிருந்து" என்றாவது போடுங்கள்.

நெசவாளருக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. தறியின் படம், நெய்பவரின் கை, சாயம் தோய்த்த நூல் காயும் முற்றம் ஆகியவற்றை அவர் அனுமதியுடன் படம் எடுத்துப் போட்டால், இயந்திரத்தில் நெய்த சேலையைவிட இது ஏன் விலை கூடியது என்பதை வாங்குபவர் தானே புரிந்துகொள்வார். இடைத்தரகர் வழியாக விற்கும்போது அந்த விளக்கம் வாங்குபவரைப் போய்ச் சேருவதேயில்லை.

விடுதிகளுக்கு முன்பதிவுத் தளங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவற்றில் இருப்பதும் நல்லது. வெளிநாட்டுக்காரர் முதலில் தேடுவது அங்கேதான். ஆனால் அவை பொதுவாக 15 வீத அளவில் தரகு எடுக்கின்றன. ஓர் இரவுக்கு 12,000 ரூபா அறையில் நான்கு இரவு தங்குபவரிடமிருந்து 7,200 ரூபா தரகாகப் போகும். அப்படியான முப்பது முன்பதிவுகள் ஒரு பருவத்தில் வந்தால் 216,000 ரூபா. அங்கே உங்கள் விடுதியின் பெயரைக் கண்டவர்களில் ஒரு பகுதியினர் அதே பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது உங்கள் சொந்தத் தளம் திறந்து, படங்களும் அறை விலையும் நேரடியாகப் பதியும் வழியும் தெளிவாக இருந்தால், நேரடிப் பதிவுக்குக் காலை உணவையோ சிறு கழிவையோ கொடுத்தும் உங்களுக்கு மிச்சம்தான். ஏற்கெனவே வந்து போனவர்களாவது இரண்டாவது முறை நேரடியாக வர வேண்டும். அவர்களுக்காகவும் நீங்கள் தரகு கொடுப்பது தேவையற்ற செலவு. முன்பதிவுத் தளங்களுடன் செய்துள்ள ஒப்பந்தத்தில் விலை பற்றிய நிபந்தனைகள் இருந்தால் அவற்றை முதலில் வாசித்துவிடுங்கள்.

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல் அளவில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். வருபவர்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பே விமானச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். ஆகவே மாரி மழை பெய்து, ஆட்கள் இல்லாமல் விடுதி வெறிச்சோடியிருக்கும் மார்கழி, தை மாதங்களே தளத்தைத் திருத்த உகந்த காலம். புதிய விலை, புதுப்பித்த அறையின் படம், பொத்துவிலிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் வழி எல்லாம் அப்போதே சரியாக இருக்க வேண்டும். சித்திரையில் தொடங்கினால் அந்த ஆண்டுக்குப் பிந்திவிடும்.

எந்த மொழியில் வைப்பது?

வாங்குபவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில். அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரப் பகுதியில் பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள்; அம்பாறை நகரிலும் அதற்கு மேற்கிலும் சிங்களம் பேசுவோர். நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுபவர் தமிழும் சிங்களமும் வைத்தால் மாவட்டம் முழுவதும் அவருடைய சந்தை. விடுதிக்காரருக்கு ஆங்கிலமும் சிங்களமும் கட்டாயம். கொழும்பு, கண்டிப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் வெளிநாட்டவர் அளவுக்கு முக்கியமானவர்கள். மூன்று மொழியிலும் அரைகுறையாக வைப்பதைவிட ஒரு மொழியில் முழுமையாக வைப்பது மேல். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிட வேண்டாம். அந்த மொழி பேசும் நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பிழையான சிங்களத்தில் வரவேற்கப்படுபவர் அதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்.

பாமினியில் தட்டச்சு செய்த எங்கள் விலைப்பட்டியலை அப்படியே போடலாமா?

கூடாது. இது எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இலங்கையின் அச்சகங்களிலும் காரியாலயங்களிலும் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவே புழங்கிவருகிறது. அதில் தட்டச்சு செய்யும்போது திரையில் தமிழ் தெரிந்தாலும், கணினிக்குள் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளி இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் பக்கம் திறந்தால் வாசிக்க முடியாத ஆங்கிலக் குவியல்தான் தெரியும். கூகுளும் அதைத் தமிழாக அறியாது. "மட்டக்களப்பு தளபாடம்" என்று ஒருவர் தேடினால் உங்கள் பக்கம் அவருக்கு வராது.

கணினிகளும் கைபேசிகளும் பொதுவாக ஏற்கும் எழுத்து முறையான யுனிகோடில் எழுதினால் எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும், தேடலிலும் அகப்படும். பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தினால் போதும். விளம்பரத்தைப் படமாகச் செய்து, அந்தப் படத்துக்குள் விலையையும் முகவரியையும் எழுதிப் போடுவதிலும் இதே குறை இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை எளிதாகப் பிரதி எடுக்க முடியாது, தேடலில் சரியாக அகப்படாது, பார்வைக் குறைபாடுள்ளவரின் கைபேசி அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்பவும் முடியாது. படம் இருக்கட்டும், அதிலுள்ள விபரத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள்.

கூகுளில் முதலாவதாக வர வைக்க முடியுமா?

முதலிடத்தை உறுதியாகத் தருவேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். அந்த இடம் எவருடைய கையிலும் இல்லை. செய்யக்கூடியவை வேறு. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் என்ன தொழில், எந்த ஊர் என்று எழுதுங்கள். "எங்களைப் பற்றி" என்ற தலைப்பால் எவரும் உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. "களுவாஞ்சிகுடியில் கலியாண மண்டபம்" என்பதால் கண்டுபிடிப்பார்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், ஏனெனில் வெளியூர்க்காரர் மட்டக்களப்பை "பற்றிக்கலோ" என்றே ஆங்கில எழுத்தில் தேடுவார்கள். தளத்திலும் கூகுள் வரைபடத்திலும் பேஸ்புக்கிலும் பெயர், முகவரி, இலக்கம் மூன்றும் ஒன்றுபோல் இருக்கட்டும். கூகுள் இப்போது கைபேசியில் தெரியும் பக்கத்தை வைத்தே தளங்களைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்துகிறது. 2016 இல் அறிவித்த இந்த மாற்றத்தை 2023 இல் நிறைவுசெய்தது. ஆகவே கணினியில் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

தளத்தின் பெயரை (இணைய முகவரியை) யார் பெயரில் பதிவது?

உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி இலக்கத்தில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தளம் செய்து கொடுத்த இளைஞர் தன் பெயரிலேயே முகவரியைப் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட, ஆண்டு முடிவில் புதுப்பிக்க ஆளில்லாமல் பெயரே பறிபோன வியாபாரங்கள் இங்கே உண்டு. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். நினைவூட்டல் மின்னஞ்சல் அவர் இப்போது திறக்காத பெட்டிக்குப் போயிருக்கும். காலாவதியான பெயரை மீட்கச் சில வாரங்களே அவகாசம் கிடைக்கும். அதன் பின்னர் யாரும் அதை வாங்கலாம்.

உள்நாட்டு வாடிக்கையாளருக்கு டொட் எல்கே (.lk) என்று முடியும் முகவரி நம்பிக்கை தரும். வெளிநாட்டவரை எதிர்பார்ப்பவர் டொட் கொம்மையும் சேர்த்து எடுக்கலாம். முழுத் தமிழில் முகவரி வேண்டுமென்றால் ".இலங்கை" என்று முடியும் முகவரியும் 2010 இலிருந்து இருக்கிறது. எதை எடுத்தாலும், போனில் ஒருமுறை சொன்னால் மற்றவர் பிழையின்றி எழுதக்கூடிய பெயராக இருக்கட்டும்.

பணத்தை எப்படிப் பெறுவது?

தொடக்கத்தில் வங்கிப் பரிமாற்றமும், பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் கூரியர் முறையும் போதும். கடைக்கு நேரில் வருபவர் கைபேசியால் ஸ்கான் செய்து பணம் செலுத்த லங்கா கியூஆர் இருக்கட்டும். ஓடர்கள் பெருகியபின் வங்கி ஒன்றின் இணையக் கொடுப்பனவு வசதியையோ பேஹியர் போன்ற உள்நாட்டுச் சேவையையோ இணைக்கலாம். அதற்குப் பொதுவாக வியாபாரப் பதிவுச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் வரும் வைப்புச் சீட்டின் படத்தை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பிவிடாதீர்கள். கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்னரே பொதியைக் கட்டுங்கள்.

வாடிக்கையாளரின் விபரங்களைச் சேர்த்து வைக்கலாமா?

தேவையானதை மட்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சேலை அனுப்ப முகவரியும் தொலைபேசி இலக்கமும் வேண்டும்; அடையாள அட்டை இலக்கம் வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் படிவத்துக்கு அருகிலேயே எழுதுங்கள். தளத்தின் முகவரியை https என்று தொடங்கவைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளத்தைப் பல உலாவிகள் "பாதுகாப்பற்றது" என்று காட்டுவதால் வாடிக்கையாளர் பயந்து திரும்பிவிடுவார்.

எவ்வளவு செலவாகும்?

எத்தனை பக்கம், எத்தனை மொழி, இணையத்தில் பணம் செலுத்தும் வசதி உண்டா இல்லையா என்பவற்றைப் பொறுத்து மாறும். ஒரு தொகை கேட்கப்பட்டால் அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்: முகவரிக்கான ஆண்டுக் கட்டணம், தளத்தை இணையத்தில் வைத்திருப்பதற்கான ஹோஸ்டிங் கட்டணம், முதல் ஆண்டுத் திருத்தங்கள், எல்லாக் கடவுச்சொற்களும். ஐந்தாறு பக்கங்களோடு தொடங்கி, பயன் தெரிந்தபின் வளர்ப்பதே சிறு தொழிலுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. படங்களுக்கும் எழுத்துக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். பலர் எல்லாவற்றையும் வடிவமைப்புக்கே கொடுத்துவிட்டு, உள்ளே வைக்க நல்ல படம் ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள்.

பயன் கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அழைத்தவர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர் என்பதே கணக்கு. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு, பில் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கள். தளத்துக்கென்று தனிக் கைபேசி இலக்கம் ஒன்று வைத்தால் கணக்கு இன்னும் இலகு. கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற இலவசச் சேவை, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பதைச் சொல்லும். அங்கே நீங்கள் எதிர்பாராத ஒரு சொல் இருந்தால், அதற்கென்று ஒரு பக்கம் எழுதலாம்.

ஒரு பருவம் முழுவதும் போயும் அழைப்பு வரவில்லையென்றால், தளத்தை மாற்றும் முன்னர், உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரின் கைபேசியை வைபை இல்லாமல் எடுத்து, கடையின் பெயரைச் சொல்லாமல் பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே காத்திருக்கிறார், எங்கே பின்னால் போகிறார், இலக்கத்தைக் கண்டுபிடித்தாரா, விலையைக் கண்டுபிடித்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடங்கள் அந்தக் குறிப்பில் வரிசையாக இருக்கும். அதைத் தளம் செய்தவரிடம் அப்படியே கொடுக்கலாம்.